டைம்டேபிளா, வாரக் கணக்கா, பட்டியலா, டைமரா? பிளஸ் டூ பிள்ளைக்கு எது கைகொடுக்கும்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பிளஸ் டூ பிள்ளை இருக்கும் பல வீடுகளில் சுவரில் ஒரு சார்ட் ஏறிவிடும். காலை 4:30-க்கு எழுவது, 5 முதல் 6 இயற்பியல், மாலை 7 முதல் 8 கணக்கு என்று ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் போட்டு எழுதியிருக்கும். ஆடி பிறப்பதற்குள் அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பிள்ளைக்குப் பொறுப்பு இல்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அந்தச் சார்ட்டில்தான்.

மாணவர்களுக்குப் பரவலாகச் சொல்லித்தரப்படும் முறைகள் ஐந்து: மணிவாரி டைம்டேபிள், வாரக் கணக்கு, அன்றாடப் பட்டியல், நான்கு கட்ட முறை, 25 நிமிட டைமர். ஒவ்வொன்றும் வேறு வேறு நோய்க்கான மருந்து. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் அறிவியல் பிரிவு படிக்கும் ஒரு பிளஸ் டூ மாணவரின் வாரத்தில் இவற்றை வைத்துப் பார்ப்போம்.

முதலில் கையிருப்பு எவ்வளவு?

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் நாளுக்கு 7 மணி என்றால் 49 போய்விடும். காலை 8 மணிக்குக் கிளம்பி, ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து, பஸ் பிடித்து 6:30-க்கு வீடு திரும்பும் பிள்ளைக்கு ஐந்து நாளில் 52.5 மணி. சனிக்கிழமை அரை நாள் வகுப்புக்கு 5.5. குளியல், சாப்பாடு, துணி, கடைக்குப் போவது என்று நாளுக்கு 3 மணி வைத்தால் 21. மீதி 40 மணி. அதில் விளையாட்டு, போன், சும்மா உட்காருவது எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒன்றரை மணி கழித்தால் 29.5.

நாள்வாரியாகப் பிரித்தால்தான் உண்மை சுடும். வார நாளில் படிக்கக் கிடைப்பது 2 மணி நேரம், சனிக்கிழமை 7, ஞாயிறு 12.5. சார்ட்டிலோ திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 5 மணி எழுதியிருக்கும். இல்லாத மூன்று மணி நேரத்தை எந்த ஒழுக்கமும் கொண்டுவந்துவிடாது. பிள்ளை அதைத் தூக்கத்தில் இருந்து எடுக்கும், மறுநாள் முதல் பீரியடில் கண் சொருகும்.

29.5 மணியையும் நிரப்பக் கூடாது. காய்ச்சல், கல்யாணம், கரண்ட் கட் எல்லாவற்றுக்கும் கால்பங்கு ஒதுக்கினால் 22 மணி. திட்டமிட வேண்டியது இந்த 22 மணியை மட்டும்தான்.

இந்தக் கணக்கை அவரவர் வீட்டுக்கு ஏற்ப உண்மையாகப் போட வேண்டும். பெண்பிள்ளைகள் பலருக்கு வீட்டு வேலை 3 மணிக்குள் அடங்காது. அண்ணனுக்கு இல்லாத பாத்திரம் தங்கைக்கு இருந்தால், அவளுக்கு எந்தத் திட்டத்தைக் கொடுத்தும் பயனில்லை. முதலில் வேலையைப் பங்கு பிரிக்க வேண்டும்.

மணிவாரி டைம்டேபிளும் வாரக் கணக்கும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

டைம்டேபிளின் பலம், யோசிக்க வேண்டியதில்லை என்பது. மணி 7 என்றால் கணக்கு, அவ்வளவுதான். விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு இது நன்றாகவே ஓடும். ஸ்டடி ஹவருக்கு அங்கே பெல் அடிக்கும், சாப்பாட்டு நேரம் மாறாது. வீட்டில் இருந்து படிப்பவருக்கு அது எப்படி உடைகிறது என்று ஒரு செவ்வாய்க்கிழமையை வைத்துப் பாருங்கள். 7 முதல் 8 கணக்கு, 8 முதல் 9 இயற்பியல், 9:30 முதல் 10:30 தமிழ். பஸ் தாமதம், உட்காரும்போது 7:40. கணக்குக்கு 20 நிமிடம்தான் மிச்சம். ஒரு கலப்பு எண் கணக்கு பாதியில் நிற்கிறது. அதை முடித்துவிட்டுப் போகலாம் என்றால் இயற்பியல் 8:30-க்குத் தள்ளுகிறது, தமிழ் மறைந்துவிடுகிறது. புதன், வியாழனிலும் இதே கதை. நாளின் கடைசிக் கட்டத்தில் எந்தப் பாடம் இருக்கிறதோ அது தொடர்ந்து அடிவாங்கும். காலாண்டுத் தேர்வில் தமிழிலோ ஆங்கிலத்திலோ மதிப்பெண் சரிந்தால், பிள்ளைக்கு அந்தப் பாடத்தில் ஆர்வம் இல்லை என்று நினைக்கிறோம். கட்டத்தின் இடம்தான் காரணமாக இருந்திருக்கும்.

வாரக் கணக்கில் மணி எழுதுவதில்லை, அளவு மட்டும்தான். 22 மணி என்றால் 44 அரைமணிக் கட்டங்கள். ஒரு நோட்டுத் தாளில் ஆறு வரி: கணக்கு 12 கட்டம், இயற்பியல் 10, வேதியியல் 8, உயிரியல் 6, தமிழ் 4, ஆங்கிலம் 4. அரைமணி உட்கார்ந்து படித்தால் ஒரு கட்டத்தில் டிக். செவ்வாய் போனால் வியாழனில் ஈடுகட்டலாம், திட்டம் உடைவதில்லை. எந்த வரி காலியாக இருக்கிறது என்பது ஒரு பார்வையில் தெரியும்.

இதற்கும் இரண்டு நோய் உண்டு. ஒன்று, எல்லாமே ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுங்கும். அதற்கு நடுவாரக் காவல் வைக்க வேண்டும்: புதன் இரவுக்குள் 9 கட்டம், வெள்ளி இரவுக்குள் 15. மீதி 29 கட்டம், அதாவது 14.5 மணி, சனி ஞாயிறில் கிடைக்கும் 19.5 மணிக்குள் மூச்சுவிட இடத்தோடு அடங்கும். வெள்ளி இரவு 5 கட்டம்தான் நிரம்பியிருந்தால் அந்த வாரம் ஏற்கனவே கைவிட்டுப் போய்விட்டது. இரண்டாவது நோய், பிடித்த பாடத்தின் வரி மட்டும் நிரம்புவது. ஒரு பாடத்தின் கட்டங்கள் முடிந்தால், மற்ற ஐந்தும் பாதியைத் தாண்டும் வரை அதற்குப் புதுக் கட்டம் கிடையாது என்று முதலிலேயே பேசிவைத்துவிடுங்கள்.

வீட்டில் இருந்து பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைக்கு வாரக் கணக்குதான். இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை.

பட்டியல்: மூன்றுக்கு மேல் வேண்டாம்

வாரக் கணக்கு எவ்வளவு என்று சொல்லும், எதை என்று சொல்லாது. அதற்குத்தான் அன்றாடப் பட்டியல். இது தோற்பதற்குப் பெரிய காரணம் எழுதும் விதம். 'இயற்பியல் படிக்கணும்' என்பது வேலையே அல்ல. எங்கே தொடங்குவது, எப்போது முடிந்தது என்று அதில் எதுவும் தெரியாது. புத்தகத்தைத் திறந்து மூன்று பக்கம் புரட்டியதும் படித்த மாதிரி ஒரு நினைப்பு வந்துவிடும். 'நிலைமின்னியல்: மின் இருமுனையால் ஏற்படும் மின்புலம், அச்சுக்கோட்டில். படத்தோடு பார்க்காமல் எழுதித் திருத்துவது' என்று எழுதினால் முடிந்ததா இல்லையா என்பதில் சந்தேகம் வராது.

பார்க்காமல் எழுதுவதை வலியுறுத்தக் காரணம் உண்டு. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவில் இருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் தங்கியிருந்தது. பொதுத்தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

அடுத்தது நேர மதிப்பீடு. 1994-ல் கனடாவில் கடைசி ஆண்டு உளவியல் மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். முடித்தபோது 55 நாளைத் தாண்டியிருந்தது. பிளஸ் டூ பிள்ளையின் மனக்கணக்கும் அப்படித்தான். 25 நிமிடம் என்று தோன்றும் வேலைக்கு 40 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். வார நாளின் 2 மணி நேரத்தில் அப்படிப்பட்ட மூன்று வேலைகள்தான் அடங்கும். பட்டியலில் எட்டு எழுதினால் ஐந்து தினமும் மிஞ்சும். அந்த ஐந்தும் பாரமாகி, ஒரு வாரத்தில் பட்டியல் போடும் பழக்கமே நின்றுவிடும்.

எதை முதலில்? நான்கு கட்ட முறையும் விடைத்தாளும்

அமெரிக்க அதிபராக இருந்த ஐசனோவர் 1954-ல் ஒரு உரையில் அவசரமானதையும் முக்கியமானதையும் பிரித்துப் பேசினார். அதில் இருந்து வளர்ந்ததுதான் நான்கு கட்ட முறை: அவசரம்–முக்கியம், முக்கியம் ஆனால் அவசரமில்லை, இப்படி வேலைகளை நான்காகப் பிரிப்பது. அலுவலகத்தில் இது உதவும். அங்கே சில வேலைகளை அடுத்தவரிடம் கொடுக்கலாம், சிலவற்றை விட்டேவிடலாம். மாணவருக்கு ரெக்கார்டு நோட்டை யாரிடமும் தள்ள முடியாது, எந்தப் பாடத்தையும் கைவிட முடியாது. எல்லாம் முதல் கட்டத்தில் வந்து குவிந்துவிடும். மாதம் ஒருமுறை ஆசிரியரும் மாணவரும் உட்கார்ந்து பேச இது போதும். தினசரிக் கருவியாக எடுபடாது. அந்தப் பேச்சில் ரெக்கார்டு நோட்டை மட்டும் தவறாமல் எடுங்கள். வழக்கமாகப் பிப்ரவரியில் வரும் செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் பத்துச் சோதனைகளை ஒரே மூச்சில் எழுதுகிறவர்கள், படிக்க வேண்டிய நாட்களைப் படம் வரைவதில் செலவழிக்கிறார்கள். சோதனை முடிந்த அந்த வாரமே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் அது ஒருபோதும் அவசரமாகாது.

முன்னுரிமையைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி, திருத்திக் கையில் கொடுத்த விடைத்தாள். இயற்பியல் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்: ஒரு மதிப்பெண் 15, இரண்டு மதிப்பெண் ஆறு, மூன்று மதிப்பெண் ஆறு, ஐந்து மதிப்பெண் ஐந்து. காலாண்டில் 30 வாங்கிய ஒருவரின் தாளைப் பிரித்துப் பார்த்தால் முறையே 8, 7, 6, 9 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். இழப்பு 7, 5, 12, 16. பெரிய ஓட்டை ஐந்து மதிப்பெண் பகுதிதான். எல்லோரும் அதைத்தான் அடைக்கப் போவார்கள். ஆனால் ஒரு நெடுவினாவைத் தேற்ற ஒரு மாலை முழுக்க வேண்டும், அது கேள்வித்தாளில் வரும் என்ற உறுதியும் இல்லை. ஒரு மதிப்பெண்ணில் போன 7-ஐப் புத்தகப் பயிற்சி வினாக்களில் நாளுக்கு 15 நிமிடம் செலவிட்டே பெருமளவு மீட்கலாம். முதலில் அது, அடுத்து மூன்று மதிப்பெண், பிறகு நெடுவினா. அதே மாணவர் ஒரு மதிப்பெண்ணில் 14 வாங்கியிருந்தால் வரிசை தலைகீழாகும். ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் பாடத்துக்கு 10 நிமிடம் இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டால், இந்த வாரம் எதைப் படிப்பது என்ற கேள்வி கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும்.

டைமர் யாருக்கு?

25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்றுக்குப் பிறகு 15 முதல் 30 நிமிடம் நீண்ட ஓய்வு. இதுதான் பொமோடோரோ. 1980-களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை வைத்து ஆரம்பித்தது. பொமோடோரோ என்றால் இத்தாலிய மொழியில் தக்காளி.

இதைத் திட்டமிடும் முறையாக நினைப்பதால்தான் ஏமாற்றம் வருகிறது. எதைப் படிப்பது என்று டைமர் சொல்லாது. புத்தகத்தைத் திறக்கவே மனம் வராத பிள்ளையை உட்காரவைக்க இது அருமையான கருவி. '25 நிமிஷம்தானே' என்றால் உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு இடத்தில் தடுக்கும். போனிலேயே டைமர் வைத்தால் 5 நிமிட ஓய்வு ரீல்ஸில் 40 நிமிடமாகும். பழைய அலாரம் டைம்பீஸோ சுவர்க் கடிகாரமோ வைத்துக்கொண்டு போனை அடுத்த அறையில் விட வேண்டும். அடுத்து, பொதுத்தேர்வு மூன்று மணி நேரம் ஒரே இருப்பு. கணக்கில் 90 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம், அதாவது மதிப்பெண்ணுக்கு 2 நிமிடம். இயற்பியலில் சுமார் இரண்டரை நிமிடம். மார்ச் வரை 25 நிமிடத்திலேயே பழகியவருக்கு இரண்டாவது மணி நேரத்தில் கையும் கவனமும் தளரும். அரையாண்டு வரை 25, ஜனவரியில் 50 நிமிடம் படிப்பு 10 நிமிடம் ஓய்வு, திருப்புதல் தேர்வுகள் தொடங்கியதும் ஞாயிறுதோறும் ஒரு முழு வினாத்தாளை மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் எழுதுவது என்று நீட்டிக்கொண்டே போக வேண்டும்.

செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை: கல்லூரி மாணவருக்குக் கூகுள் காலண்டர் நல்லது, அசைன்மென்ட் தேதிகளை அது மறக்காது. பிளஸ் டூவுக்கு நோட்டுத் தாளே போதும். பட்டியலைப் பார்க்கப் போனைத் திறப்பது, வந்த வேலையை மறக்க நாமே வைத்துக்கொள்ளும் வினை.

சேர்த்துப் பயன்படுத்துவது

விடுதி மாணவருக்கு டைம்டேபிளும் மூன்று வரிப் பட்டியலும். வீட்டில் இருந்து போய்வருபவருக்கு வாரக் கணக்கும் மூன்று வரிப் பட்டியலும். உட்காரவே முடியாதவருக்கு முதல் இரண்டு வாரம் டைமர் மட்டும், வேறெதுவும் வேண்டாம். நாளுக்கு இரண்டு சுற்று ஓடத் தொடங்கியபின் 44 கட்டத் தாளைக் கொடுங்கள். ஒரே நாளில் மூன்றையும் தலையில் ஏற்றினால் மூன்றும் போகும்.

ஞாயிறு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிடம். பழைய தாளில் காலியாக நிற்கும் கட்டங்களை எண்ணுங்கள், காரணத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள்: காய்ச்சல், விருந்து, பயம். பயம் என்று எழுதிய பாடத்துக்கு ஆசிரியரிடம் கேட்க வேண்டிய இரண்டு சந்தேகங்களை அங்கேயே குறியுங்கள். மீந்த கட்டங்களை அடுத்த வாரத்தில் கூட்டாதீர்கள். 44 எப்போதும் 44-தான். கூட்டிக்கொண்டே போனால் மூன்றாவது வாரம் 60-ல் நிற்கும், பிள்ளை தாளைக் கிழித்துப் போட்டுவிடும். பிறகு திங்கள் மாலைக்கான மூன்று வரிகளை எழுதி, முதல் வரிக்குரிய புத்தகத்தை மேசையில் பக்கம் திறந்தே வைத்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

பெற்றோர் கேட்கும் கேள்வியும் மாற வேண்டும். "படிச்சியாடா?" என்றால் "படிச்சேம்மா" என்று பதில் வரும், பேச்சு அங்கேயே முடியும். "இன்னைக்கு மூணுல எதுல மாட்டிக்கிட்ட?" என்று கேட்டால், "அந்த மின் இருமுனைதாம்மா, படம் வரைஞ்சுட்டேன், அதுக்கப்புறம் ஓடல" என்று வரும். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு மறுநாள் ஆசிரியரிடம் போய் நிற்கலாம்.