ரோசினியின் ‘தன்க்ரேதி’: நக்ஸோஸ் நிறுவனப் பதிவு, 2 இசைத்தட்டுகள்

மூன்று வாரமாக இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினியின் இந்த ஓபராவையேதான் (பாட்டாலேயே நடக்கும் இசை நாடகம்) கேட்கிறேன். பழைய இசைத்தட்டு விற்கும் ஒரு கடையில் கிடைத்தது. பெட்டியின் மூடி உடைந்திருந்தது, ஆனால் தட்டுகளில் ஒரு கீறல்கூட இல்லை. 1994-ல் பதிவானது. இசையை நடத்தியவர் அல்பெர்ட்டோ ஜெத்தா. ரோசினியின் மூலப் பிரதிகளை ஒப்பிட்டுச் சரிபார்ப்பதில் பல ஆண்டுகள் உழைத்தவர் அவர்.

நான் வாங்கியது எவா போட்லெஷின் குரலுக்காக. தன்க்ரேதி, 1005-ல் நடக்கும் இந்தக் கதையில் சிசிலித் தீவின் சிராகுசா நகரிலிருந்து நாடு கடத்தப்பட்ட வீரன். ஆனாலும் அந்த வேடத்தை ரோசினி எழுதியது கன்ட்ரால்டோ என்னும் கனத்த பெண் குரலுக்கு. ‘ஓ பாத்ரியா’ என்று தாய்நாட்டைக் கூப்பிட்டுக்கொண்டு அவன் கரை இறங்கும் இடத்தைக் கேளுங்கள். போட்லெஷ் மந்தர ஸ்தாயிக்கு இறங்கும்போது குரல் மெலிவதே இல்லை, இன்னும் அகலமாகிறது. பாடுவது பெண் என்பது இரண்டே நிமிடத்தில் மறந்துபோகிறது. அதன் பிறகு வருவதுதான் ‘தி தாந்தி பால்பிதி’. சோறு வேகும் நேரத்துக்குள் ரோசினி எழுதி முடித்த பாட்டு என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுக்க முணுமுணுத்த மெட்டு இது. வயலின் மேதை பகனீனி இதை எடுத்து வயலினுக்கு விரித்து எழுதினார்.

தன்க்ரேதியின் காதலி அமெனாயிதேயாகப் பாடுவது சுமி ஜோ. பிருகாக்கள் அத்தனையும் சுத்தம். அவளுடைய சிறைக் காட்சியில் மட்டும் எனக்கு இன்னும் கொஞ்சம் துயரம் வேண்டியிருந்தது. இருவரும் சேர்ந்து பாடும் இடங்களில் அந்தக் குறை தெரியவில்லை. தொடக்க இசை, ரோசினி 1812-ல் எழுதிய ‘லா பியேத்ரா தெல் பாரகோனே’ ஓபராவிலிருந்து அப்படியே எடுத்தது. துள்ளலாகத்தான் இருக்கிறது, கதையோடு ஒட்டவில்லை.

இனி முடிவுக்கு வருகிறேன். 1813 பிப்ரவரி 6 அன்று வெனிசின் லா ஃபெனிச்சே அரங்கில் இது முதன்முதலாக மேடையேறியபோது ரோசினிக்கு 21 வயதுகூட ஆகவில்லை. முக்கியப் பாடகிகள் இருவருக்கும் உடம்பு சரியில்லாமல் இரண்டாம் அங்கத்தின் நடுவில் நிறுத்த வேண்டியதாயிற்று. முழுதாக நடந்தது 11-ஆம் தேதிதான். அந்த வெனிஸ் வடிவத்தில் காதலர்கள் சேர்ந்துவிடுகிறார்கள். மூலக்கதையான, பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேரின் நாடகத்தில் தன்க்ரேதி இறக்கிறான். அதே ஆண்டு இத்தாலியின் ஃபெர்ராரா நகரில் ரோசினி அந்தச் சாவைத் திரும்பக் கொண்டுவந்தார், வரிகள் லூயிஜி லேக்கி எழுதியவை. ரசிகர்கள் ஏற்கவில்லை, கைவிட்டுவிட்டார்கள். 150 ஆண்டுக்கு மேல் காணாமல் போயிருந்த அந்தப் பக்கங்கள் 1970-களில் லேக்கி குடும்பத்தின் காகிதங்களுக்குள்ளிருந்து வெளிவந்தன. 1977-ல் ஹூஸ்டனில் அமெரிக்கப் பாடகி மர்லின் ஹோர்ன் அதைப் பாடினார்.

இந்தத் தட்டுகளில் இருப்பது வெனிஸின் சுப முடிவு. எனக்கு இதில் உள்ள ஒரே பெரிய மனக்குறை அதுதான். ஃபெர்ராரா முடிவில் ஆர்ப்பாட்டமான கடைசிப் பாட்டு கிடையாது. சாகிறவன் துண்டு துண்டாகப் பேசுகிறான், கீழே தந்தி வாத்தியங்கள் மட்டும், அப்புறம் அதுவும் அடங்கிவிடுகிறது. இருபத்தொரு வயதுக்காரர் அவ்வளவு துணிந்து எழுதியிருக்கிறார். போட்லெஷின் குரலில் அது எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காத இரவு இல்லை.

இருந்தாலும் தயங்காமல் வாங்குங்கள், முதல் தட்டுக்காகவே வாங்கலாம். கூடவே ஹோர்ன் 1983-ல் லா ஃபெனிச்சேயில் பாடிய பதிவையும் தேடிப் பிடியுங்கள், அதில் ஃபெர்ராரா முடிவு இருக்கிறது. நான் இப்போதெல்லாம் இரண்டாம் தட்டைக் கடைசிக் காட்சிக்கு முன்னால் நிறுத்திவிட்டு, அந்தப் பதிவுக்கு மாறிக்கொள்கிறேன்.