கெந்திங் மலைக் குளிருக்கு ஆண்கள் கழுத்தில் எது? துண்டா, மஃப்ளரா, பஃப்பா?

மலேசியாவில் குளிர் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள், ராத்திரி பஸ்ஸில் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். தலைக்கு மேலே ஏர்கோன் துவாரத்தின் மூடி உடைந்திருக்கும். முன்பு அங்கே உட்கார்ந்து போன புண்ணியவான் யாரோ டிஷ்யூவைச் சுருட்டித் திணித்து வைத்திருப்பார். ஈப்போ வருவதற்குள் அது விழுந்துவிடும். அப்புறம் காற்று நேராகப் பிடரியில்தான். பெண்கள் கைப்பையிலிருந்து ஷாலை எடுத்துப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நாம் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, இறங்கும்வரை விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறோம்.

"ஆம்பிளைக்கு எதுக்குடா ஷாலு?" என்று கேலி பேசும் மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவர்களுடைய அப்பாமார் ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போனபோது தலை, காது, கழுத்து எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றிய துண்டோடுதான் போனார்கள். பால்மரக் காட்டுப் பனிக்கும் கொசுவுக்கும் அதுதான் காவல். அவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஆகவே ஆண்கள் கழுத்தை மூடலாமா, கூடாதா என்ற பேச்சையே நான் எடுக்கப்போவதில்லை. எதால் மூடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கழுத்துக்கு அப்படி என்ன முக்கியம்? ஜாக்கெட் தானாகச் சூடு தருவதில்லை. உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பான காற்றை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். நடக்கும்போதும் குனியும்போதும் துருத்தியை அமுக்கியது மாதிரி அந்தக் காற்று காலர் வழியே வெளியேறி, குளிர்காற்று உள்ளே புகுந்துவிடும். அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் அதே ஜாக்கெட் இன்னும் கதகதப்பாக இருக்கும். உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது, அதனால் தொப்பி போட்டாலே போதும் என்பது பழைய கதை. தலை வழியாகப் போவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். கழுத்தை மூடினால் சளி பிடிக்காது என்று அம்மா சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். சளி கிருமியால் வருவது. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்கள் கடுங்குளிரில் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டால் உள்ளே போகும் காற்று சற்றுச் சூடாகும், இழுப்பு வருவது குறையும். மருத்துவர்களே சொல்லும் யோசனை இது.

முதலில் நம்ம துண்டு. பருத்தித் துண்டு கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸிலோ மஸ்ஜித் இந்தியா பக்கமோ எளிதாகக் கிடைக்கும், விலையும் மலிவு. நீளவாக்கில் மடித்து, இரண்டாக இன்னொரு மடிப்பு போட்டுப் பிடரியில் வைத்து, இரண்டு முனைகளையும் மடிப்பின் வளையத்துக்குள் விட்டு இழுத்தால் தொண்டை முழுக்க மூடிவிடும். பஸ், சினிமா, அலுவலகம் எல்லாவற்றுக்கும் இதற்கு மேல் எதுவும் வேண்டாம். அலுவலகக் காற்று 23 முதல் 26 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று வேலையிடப் பாதுகாப்புத் துறையின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. நடைமுறையில் ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் வைத்ததுதான் சட்டம். துண்டின் குறை ஈரம். பருத்தி நனைந்தால் சூட்டைப் பிடித்து வைக்காது, மாறாகக் குளிரை ஏற்றும். கெந்திங்கில் மேகம் இறங்கி முகத்தில் தூறல் அடிக்கும்போது அரை மணி நேரத்தில் துண்டு சொதசொதவென்று ஆகிவிடும்.

துண்டைச் சொல்லிவிட்டுப் பொன்னாடையை விட முடியாது. கோயில் கமிட்டியில் இருக்கும் எந்த வீட்டு அலமாரியிலும் ஒரு அடுக்கு இருக்கும். சும்மாதானே கிடக்கிறது என்று மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். வழுக்கும், காற்றை விடும், சரிகை தாடையைச் சுரண்டும். தவிர, வழியில் பார்ப்பவர்கள் என்ன விருது வாங்கினீர்கள் என்று கேட்பார்கள்.

அடுத்தது கம்பளி மஃப்ளர். உண்மையான குளிருக்கு இதுதான் சரி. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பிறகும் தொட்டால் ஈரம் தெரியாது, சூடும் நிற்கும். ஆனால் எல்லாக் கம்பளியும் ஒன்றல்ல. இழை முரடாக இருந்தால் கழுத்து அரிக்கும். மெரினோ இழையும் காஷ்மீர் ஆட்டின் உள்மயிரும் மெல்லியவை, அதனால் உறுத்தாது. கடையில் கையில் தடவிப் பார்ப்பது போதாது; தாடைக்குக் கீழே ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். ஆண்களுக்கு இதில் இன்னொரு தொல்லை உண்டு. இரண்டு நாள் தாடி அந்த மென்மையான துணியில் உரசி உரசி, கொஞ்ச நாளிலேயே முன்பக்கம் சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டுவிடும். காஷ்மீருக்குக் காசைக் கொட்டுவதைவிட நெருக்கமாக நெய்த மெரினோ வாங்குவது புத்திசாலித்தனம் என்பேன்.

மோட்டாரில் போகிறவர்களுக்கு நான் துண்டையும் மஃப்ளரையும் சொல்லவே மாட்டேன். தொங்கும் முனை காற்றில் பறந்து பின்சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கினால் கதை முடிந்தது. 1927இல் பிரான்சின் நீஸ் நகரில் நடனக்கலைஞர் இசடோரா டங்கன் உயிரிழந்தது, அவருடைய நீண்ட கழுத்துத்துணி கார்ச் சக்கரத்தில் சிக்கியதால்தான். மோட்டார்ப் பையன்கள் தலைவழியாக மாட்டிக்கொள்ளும் குழாய் மாதிரியான பஃப் இதற்கென்றே பிறந்தது. முனை கிடையாது, ஹெல்மெட்டுக்குள் அடங்கும், மழைச்சாரலில் நனைந்தாலும் சீக்கிரம் காயும். மெல்லியது என்பதால் பனிப்பொழிவுக்கு மட்டும் போதாது. பார்க்கக் கொஞ்சம் திருடன் மாதிரி இருக்கும், அதனால் பெட்ரோல் நிலையத்துக்குள் நுழையுமுன் கீழே இறக்கிவிடுங்கள்.

ஹூடி? தலைக்கு முக்காடு இருக்கும், தொண்டை திறந்தே கிடக்கும். கழுத்து மூடிய பனியன் தொண்டையை மூடும்தான், சூடாகிவிட்டால் நடுத்தெருவில் கழற்ற முடியாது. மெல்பர்னில் வெளியே நடுங்கிவிட்டு டிராமுக்குள் ஏறியதும் வியர்க்கும். உடனே கழற்றிப் பைக்குள் திணிக்க முடிகிற வசதி மஃப்ளருக்குத்தான்.

என் கணக்கு இதுதான். பஸ்ஸுக்கும் அலுவலகத்துக்கும் பினாங்குக் கொடிமலைக்கும் துண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி போலக் குறையும். கொடிமலை அந்த உயரம்கூட இல்லை. ஏறக்குறைய 6,000 அடியில் இருக்கும் கெந்திங்குக்கும், கேமரன் மலைக்கும் பஃப் அல்லது மெல்லிய மெரினோ. 1978 பிப்ரவரியில் கேமரனில் 7.8 டிகிரி பதிவாகியிருக்கிறது, ஆனால் அப்படி ஒரு நாளை நம்பித் தடித்த மஃப்ளர் சுமக்க வேண்டியதில்லை. தடித்தது லண்டன், சியோல், டிசம்பர் மணாலி போகிறவர்களுக்கு மட்டும்.

அப்படிப் போய்த் திரும்பியவர்கள் மஃப்ளரைத் துவைக்காமல் அலமாரியில் வைக்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும், வியர்வை ஒட்டிய கம்பளியைப் பூச்சியும் முதலில் தேடி வரும். வெந்நீரும் வாஷிங் மெஷினும் வேண்டாம், சுருங்கிக் கெட்டியாகிவிடும். குளிர்ந்த தண்ணீரில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் விரித்துக் காயவைத்து, ஜிப் பைக்குள் காற்றை வெளியேற்றிப் போட்டு வையுங்கள்.