கும்குவாட்: ஆறு வருடமாக வளர்க்கிறோம், தோலோடு தின்கிறோம்

எங்கள் ஈசூன் வீட்டு வாசலில் நிற்கும், குட்டி ஆரஞ்சு போன்ற பழம் தரும் கும்குவாட் செடிக்கு இந்தச் சீனப் புத்தாண்டோடு ஆறு வருடம் ஆகிறது. சிங்கப்பூரில் ஜனவரி பிறந்தாலே செடிக் கடைகளில் பொன்னிறப் பழம் தொங்கும் தொட்டிகளை வரிசையாக அடுக்கிவிடுவார்கள். சீனத்தில் இதன் பெயரிலேயே தங்கம் இருக்கிறது. வீட்டில் வைத்தால் செல்வம் சேரும் என்று நம்பி வாங்குவார்கள். நான் பழத்துக்காக வாங்கினேன்.

முதல் வருடம் ஒரு பழத்தைக்கூடத் தின்னவில்லை. அலங்காரத்துக்கு விற்கும் செடிகளில் பூச்சிமருந்து தாராளமாக இருக்கும், அதைத் தின்னாதே என்று மேல்மாடி ஆன்ட்டி சொன்னார். ஆரஞ்சு என்றால் தோலை உரித்து எறிந்துவிடலாம். இதில் தோல்தான் இனிப்பு, உள்ளே இருக்கும் சுளை நல்ல புளிப்பு. அதனால் இருந்த பழங்களை எல்லாம் பறித்துப் போட்டுவிட்டு, மண்ணை மாற்றி, அடுத்த காய்ப்புக்குக் காத்திருந்தேன். இந்தப் பழத்தை வீட்டில் வளர்க்க வேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்வதற்கு அந்தத் தோல்தான் காரணம்.

சத்துக் கணக்கைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். 100 கிராம் கும்குவாட்டில் சுமார் 44 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் இதைவிடக் கொஞ்சம் அதிகம், 53. ஆனால் நார்ச்சத்து ஆரஞ்சில் 2.4 கிராம், கும்குவாட்டில் 6.5 கிராம். தோலையும் சேர்த்துத் தின்பதால் வரும் வித்தியாசம் அது. சுண்ணாம்புச் சத்தும் 62 மில்லிகிராம் இருக்கிறது. என் செடியில் ஒரு பழம் 15 கிராம்தான் வரும். ஏழு பழம் தின்றால் கிட்டத்தட்ட 100 கிராம், அதில் சுமார் 71 கலோரி. சளியே பிடிக்காது, சர்க்கரை நோய் போய்விடும் என்றெல்லாம் சொல்பவர்கள் உண்டு. இந்த ஆறு வருடத்தில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வழக்கம்போல் சளி பிடித்தது. அப்பாவுக்கு மலச்சிக்கல் தொல்லை இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் நாலைந்து பழமும் நிறையத் தண்ணீரும் என்று வைத்துக்கொண்ட பிறகு அவருக்கு வயிறு லேசாக இருக்கிறது. எனக்கு வெறும் வயிற்றில் தின்றால் நெஞ்சு எரியும், ஆகவே காலையில் தொடுவதில்லை.

தின்னும் முறை முக்கியம். பழத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்ல உருட்டினால் தோலின் எண்ணெய் கசிந்து வாசனை எழும். அப்புறம் முழுசாக வாயில் போட்டு நிதானமாக மெல்ல வேண்டும். முதலில் புளிப்பு முகத்தைச் சுளிக்க வைக்கும், மெல்ல மெல்ல இனிப்பு வந்து சேரும். விதையைத் துப்பிவிடுங்கள், கசக்கும்.

வளர்ப்பதில் நான் பட்ட பாடு பெரும்பாலும் தண்ணீரில்தான். தினமும் ஊற்றி வேரை அழுகவிட்டு, இரண்டாம் வருடம் செடியையே இழக்கப் பார்த்தேன். இப்போது மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகுதான் ஊற்றுகிறேன். தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பதில்லை. தேங்கிய தண்ணீரில் டெங்கிக் கொசு முட்டையிடும். பூக்கவே மாட்டேன் என்று நின்றால் சில நாள் தண்ணீரைக் குறைத்து இலை லேசாக வாடும்வரை விட்டு, பிறகு நன்றாக ஊற்றுவேன். இரண்டு மூன்று வாரத்தில் மொட்டு தெரியும். இங்கே இரவும் வெக்கையாக இருப்பதால் பழம் கடையில் பார்ப்பதுபோல் முழு ஆரஞ்சு நிறத்துக்கு வராது. பச்சை கலந்த மஞ்சளிலேயே பழுத்துவிடும், அழுத்திப் பார்த்துத்தான் பறிக்க வேண்டும். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். பறவை எச்சம் போல் இலையில் ஒட்டியிருப்பது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. அதைக் கொல்ல மனம் வராமல், பக்கத்தில் நிற்கும் கஸ்தூரி எலுமிச்சைக்கு மாற்றிவிடுவேன்.

பழம் மிஞ்சும்போது அம்மா ஊறுகாய் போடுகிறார். நார்த்தங்காயைப் போல நாள்கணக்கில் கசப்பை இறக்க வேண்டியதில்லை. நாலாக வகிர்ந்து, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தாளித்துக் கொட்டினால் இரண்டாம் நாளே தயிர்சாதத்துக்குத் தயார். ஆன்ட்டி முழுப் பழத்தை உப்பில் புதைத்து மாதக்கணக்கில் வைப்பார், கருத்துச் சுருங்கியதும் ஒன்றை வெந்நீரில் நசுக்கித் தேன் விட்டுக் குடித்தால் தொண்டைக் கரகரப்புக்கு இதமாக இருக்கும். உப்பு அதிகம் என்பதால் ரத்த அழுத்தம் உள்ள அப்பாவுக்கு அதைக் கொடுப்பதில்லை.

என்னிடம் இருப்பது நீள்வட்டமான நகாமி வகை. உருண்டையான மெய்வாவில் தோல் தடிப்பு, இனிப்பும் கூடுதல். போன மாதம் அதிலும் ஒரு ஒட்டுச்செடி வாங்கி வந்தேன். அதில் இருந்த பதினோரு பழத்தையும் பறித்துப் போட்டாயிற்று. அடுத்த காய்ப்பு எங்களுடையது.