தேக்கு மேசையின் பள்ளங்களும் ஒரு மெழுகுப் பெட்டியும்

யாங்கோனில் தேஞ்சி சந்தையை அடுத்த தெருவில் உள்ள ஒரு இரும்புச் சாமான் கடையில், மரச்சாமான்களின் காயங்களை வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம் என்று உறையில் எழுதியிருந்த ஒரு சிறு பெட்டியைச் சென்ற மாதம் வாங்கினேன். அதில் பதினொரு நிறங்களில் கெட்டி மெழுகுக் குச்சிகள், இரண்டு பேட்டரிகளில் சூடாகும் ஒரு உருக்குக் கருவி, மிகுந்த மெழுகைச் சுரண்டுவதற்கான பிளாஸ்டிக் தகடு, ஒரு துடைதுணி ஆகியவை இருந்தன. கையேட்டில் சீனமும் ஆங்கிலமும் மட்டுமே உண்டு. பர்மிய மொழியில் ஒரு வரிகூட இல்லை. பாட்டனார் காலத்துத் தேக்கு மேசை ஒன்றில் இருந்த இரண்டு காயங்களுக்காகவே இதை வாங்கினேன். ஒன்றில் பெட்டி தன் விலைக்குத் தகுந்த வேலையைச் செய்தது. மற்றொன்றில் எனக்கு வீண் வேலை வைத்தது.

முதல் காயம் மேசைக் காலின் விளிம்பில் சில்லு பெயர்ந்துபோன இடம். மரம் அங்கே இல்லாமலே போய்விட்டதால், எதையாவது வைத்து நிரப்பித்தான் ஆக வேண்டும். தேக்கின் நிறத்துக்கு இணையான குச்சி எதுவும் பெட்டியில் இல்லை. ஆகவே வெளிர் பழுப்பை உருக்கி அடித்தளமாக நிரப்பி, அது இறுகியபின் கரும்பழுப்பைக் கருவியின் நுனியில் தொட்டு, பக்கத்து ரேகைகள் ஓடும் திசையிலேயே இரண்டு மெல்லிய கோடுகள் இழுத்தேன். தகட்டால் மட்டமாகச் சுரண்டித் துணியால் தேய்த்தபோது, குனிந்து தேடினால் தவிர அந்த இடம் கண்ணில் படவில்லை. கருவி பேட்டரியில் ஓடுவதால், மின்சாரம் எப்போது வரும் என்று காத்திராமல் வேலையை முடிக்க முடிந்தது. இந்த ஊரில் அது சிறிய வசதி அன்று.

இரண்டாவது காயம் மேசையின் மேற்பலகையில், பித்தளைக் குத்துவிளக்கு சாய்ந்து விழுந்து ஏற்பட்ட பள்ளம். கையேடு இதையும் மெழுகால் நிரப்பச் சொல்கிறது; நானும் நிரப்பினேன். நம் வீடுகளில் மேசை நடுவே நாள் முழுவதும் பால் சேர்க்காத தேநீர் நிரம்பிய சூடான கெண்டி இருக்கும் என்பதைக் கையேடு எழுதியவர் அறிந்திருக்க மாட்டார். மூன்றாம் நாள் சூடான கெண்டி பட்டு மெழுகு இளகி, அடித்தட்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒட்டாமல் நின்றிருந்தாலும், மெழுகின் மேல் வார்னிஷ் சரியாகப் பிடிக்காது என்பதால் அந்த இடம் என்றும் ஒரு திட்டாகவே தெரிந்திருக்கும்.

விளக்கு விழுந்த இடத்தில் மரம் போய்விடவில்லை, நசுங்கி அமுங்கியிருக்கிறது என்ற எளிய வேறுபாட்டைக் கையேடு எங்கும் சொல்லவில்லை என்பதே என் முக்கியக் குறை. நார்கள் அறுபடாமல் அமுங்கியிருந்தால், ஈரமும் சூடும் சேரும்போது அவை உப்பித் தம் பழைய இடத்துக்குத் திரும்பும். மெழுகை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, பள்ளத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் ஊறவைத்தேன். தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரம். மேலே பழைய பாலிஷும் இருந்தது. தண்ணீர் முத்துப்போல் நின்றதே தவிர உள்ளே இறங்கவில்லை. பள்ளத்துக்குள் மெல்லிய ஊசியால் ரேகையை ஒட்டி ஏழெட்டு இடங்களில் குத்திய பின்னரே இறங்கத் தொடங்கியது. பிறகு நனைத்து மடித்த பருத்தித் துணியை வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியைச் சில விநாடிகள் அழுத்தி எடுப்பதும், துணி காய்வதற்குள் மீண்டும் நனைப்பதுமாக நான்கு முறை செய்தேன். இரண்டாம் முறையிலேயே பள்ளம் பாதி ஏறிவிட்டது. நான்காம் முறைக்குப் பின் விரலால் தடவினால் மட்டும் உணரக்கூடிய அளவே எஞ்சியது. அரக்குப் பாலிஷ் நீராவியில் வெளுத்திருந்தது. ஸ்பிரிட்டில் சற்றே நனைத்த துணியால் ஒரு முறை துடைத்ததும் வெளுப்புப் போயிற்று. ஒரு நாள் முழுவதும் காயவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் மேலாகத் தேய்த்து, மீண்டும் பாலிஷ் இட்டேன். மழைக்காலத்தில் இந்தக் கடைசிப் படியைத் தள்ளிப்போடுவது நல்லது. காற்றில் இருக்கும் ஈரமே அரக்கை வெளுக்கச் செய்துவிடும்.

இந்த வழி எல்லாச் சாமானுக்கும் பொருந்தாது. மேலே மெல்லிய மரத்தகடு ஒட்டிய பழைய அலமாரிகளில் சூடு பட்டால் பசை விட்டுத் தகடு எழும்பிவிடும். மரத்தூளை அழுத்திச் செய்த இக்காலத்து மேசைகளில் தண்ணீர் பட்டால் உப்பும். உப்பியது பிறகு இறங்காது. அவற்றுக்கும், கெண்டி படாத கதவு, கால், நாற்காலி முதுகு போன்ற இடங்களில் மரம் பெயர்ந்த காயங்களுக்கும் இந்த மெழுகு தகும். அதற்காகப் பெட்டி முழுவதையும் வாங்க வேண்டுமா என்றால், என் பெட்டியில் வெள்ளை, சாம்பல், கறுப்பு உட்பட எட்டுக் குச்சிகள் தொடப்படாமலே கிடக்கின்றன. பர்மாவில் பெரும்பாலான வீட்டுச் சாமான்களுக்கு வெளிரும் கருமையுமான இரண்டு பழுப்புகளே போதும். அதே கடையில் ஒற்றைக் குச்சிகளையும் தனியாக விற்கிறார்கள் என்பதைப் பணம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் பார்த்தேன்.