கூடப் பிறந்தவரா, பங்காளியா? நேட்டால் கப்பல் பட்டியலோடு ஆறு வருஷம்

எங்கள் பாட்டி அடிக்கடி சொல்வார், "தாது வருசப் பஞ்சத்துல பெரியவரு நெட்டாலுக்குக் கப்பல் ஏறிட்டாரு, அவரைத் தேடிக்கிட்டு அப்புறமா தம்பியும் போயிட்டாரு" என்று. அவர் நெட்டால் என்றது நேட்டாலை, இன்றைய தென்னாப்பிரிக்காவில் ஒரு பகுதி; நம் ஆட்கள் அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெயர் இரண்டு, ஊர் ஒன்று (குடியாத்தம் பக்கம்), இவ்வளவுதான் கையில். இந்த இரண்டு பேரும் உண்மையிலேயே அண்ணன் தம்பியா என்று பார்க்க ஆறு வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

முதலில் கப்பல் பட்டியல். நேட்டாலுக்குக் கூலிகளை ஏற்றிப்போன முதல் கப்பல் ட்ரூரோ, சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று அங்கத்துத் துறைமுகமான டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் போயிருக்கிறார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாக. ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறது. தட்டச்சு செய்த பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது. முதல் முறை பார்த்தபோது, இவ்வளவு விவரம் இருக்கிறதே, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள்.

பெயரை வைத்துத் தேடினால் தோற்றுப்போவீர்கள். காதில் விழுந்ததைக் குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார், அதைப் பின்னால் இன்னொருவர் தட்டச்சு செய்திருக்கிறார், ஆக முனுசாமி ஒருவரே பத்து விதமாக வருவார். எனக்குக் கைகொடுத்தது கிராமமும் அப்பா பெயரும்தான். ஜில்லா என்ற இடத்தில் வட ஆர்க்காடு என்று இருந்தால் சித்தூர்ப் பக்கத்து ஊர்களையும் சேர்த்துப் பாருங்கள், 1911 வரை சித்தூரும் அந்த ஜில்லாவில்தான் இருந்தது. அப்புறம், ஆள் கிடைத்ததும் நிறுத்திவிடாமல் அவருக்கு முன்னால் இருபது எண், பின்னால் இருபது எண் படியுங்கள். ஒரே ஊரிலிருந்து கிளம்பியவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்ணில் நிற்பார்கள்.

பெரியவர் என்று நான் நம்புகிற ஆள் 1877இல் போயிருக்கிறார். வயது 18, இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. தம்பி 1889இல், வயது 30, நெற்றியில் அம்மைத் தழும்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு பேரும் 1859இல் பிறந்தவர்கள்! இரட்டைப் பிள்ளைகள் என்று பாட்டி சொன்னதே இல்லை. வயதெல்லாம் பார்த்த மாத்திரத்தில் போட்ட மதிப்பு, 20, 25, 30 என்று ஐந்தைந்தாக வந்தால் சுத்தமாக நம்பாதீர்கள். அப்பா பெயர் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், ஆனால் அது அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்த பெயர்.

ஒரு பத்திரத்தில் 'என் சகோதரன்' என்று சின்னவர் சொன்னதாக இருக்கிறது. அதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் நிதானமாக யோசித்தபோதுதான் உறைத்தது, நம் வாயில் பெரியப்பா மகனும் அண்ணன்தான், சித்தப்பா மகனும் தம்பிதான். போதாததற்கு ஒரே கப்பலில் போனவர்களே கூடப் பிறந்தவர்கள் மாதிரி உறவு கொண்டாடியிருக்கிறார்கள். வெள்ளைக்கார எழுத்தர் எல்லாவற்றையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் போட்டுவிட்டார். வெறும் அந்தச் சொல்லை வைத்துக் கோடு போட்ட வம்சாவளிகளை நான் இப்போது தொடுவதே இல்லை.

டர்பனில் குடும்பப் பெயரும் குழப்பும். ஒருவர் சாதிப் பட்டத்தைக் குடும்பப் பெயராக எழுதியிருப்பார், கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். கூடப் பிறந்தவரோ அப்பா பெயரையே குடும்பப் பெயராக வைத்திருப்பார். மூன்று தலைமுறை கழித்து இரண்டு வீட்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும். அதனால் காலனி எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள், கல்யாணப் பதிவிலும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும் அது கூடவே வரும்.

எனக்குப் பிடித்த துப்பு ஒன்று எந்த வழிகாட்டியிலும் நான் பார்க்காதது. நம் ஊரில் மூத்த பையனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர், பேரன் என்ற சொல்லே அதிலிருந்துதான். இரண்டு பேரும் தலைச்சன் பிள்ளைக்கு ஒரே பெயரை வைத்திருந்தால் அது அவர்களுடைய அப்பா பெயராக இருக்க வாய்ப்பு அதிகம். இவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். சந்தோஷம்தான், ஆனால் அந்தப் பெயரே ஊர்க் குலசாமி பெயரும் என்பதால் பாதி மதிப்பெண்தான் தருவேன்.

மரபணுச் சோதனைக்கும் காசு செலவழித்தேன். உமிழ்நீர் கொடுத்தது நானும் டர்பனில் இரண்டு கிளையிலிருந்து ஆளுக்கொருவரும். இவ்வளவு தூரத்து உறவில் உண்மையான சொந்தக்காரர்களுக்கே சில சமயம் பொருத்தம் எதுவும் காட்டாது. இன்னொரு பக்கம், மாமன் மகள், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்ட குடும்பத்தில் பொருத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆண் வழிச் சோதனை ஒத்துப்போனாலும் பங்காளி என்றுதான் சொல்லும், ஒரே அப்பா பிள்ளைகளா ஒரே தாத்தா பேரன்களா என்று சொல்லாது. எங்களுக்கு ஒத்துப்போனது. பங்காளி என்பது உறுதி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இதற்காக மட்டும் என்றால் சோதனை வேண்டாம் என்பேன்.

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒரு வம்சாவளித் தளத்தில் இதையெல்லாம் ஏற்றியிருந்தேன். யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு பேரையும் ஒரே ஆள் என்று இணைத்துவிட்டார், பிரித்தெடுக்க மூன்று மாதம். இப்போது மூலப் பிரதி என் கணக்கு நோட்டில்தான், அதில் இரண்டு பேருக்கும் நடுவே பென்சிலில் புள்ளிக் கோடு.

அடுத்து சின்னவருடைய மரண அறிவிப்பு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் சொத்துக் கோப்புகளுடன் இருக்கும், அந்தப் படிவத்தில் பெற்றோர் பெயரும் கேட்பார்கள். அப்பா பெயர் எனக்குத் தெரியும், வேண்டியது அம்மா பெயர். பெரியவருடைய கோப்பில் அது இருக்கிறது. சின்னவருடையதற்கு அங்கே உள்ள ஒரு தேடுநரிடம் பணம் கட்டியாகிவிட்டது.