கேட்டுக்கு வெளியே தம்மா, கன்னத்தில் கம்மா?

போன மாதம் காட்பாடி ஸ்டேஷனில் சென்னை வண்டிக்காக நின்றிருந்தபோது குடியாத்தத்துத் தம்பி ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தார். பிசிக்ஸ் வாத்தியார். மஸ்கட்டில் ஓர் இந்தியப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது, ஏப்ரலில் சேர வேண்டும். சம்பளம், ஃபிளாட் வாடகை, பிள்ளைகளுக்கு ஃபீஸ் சலுகை எல்லாம் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஸ்கூல் நேரத்துல தம் அடிக்க எங்கண்ணா போவீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி வந்துவிட்டது. அன்று பிளாட்பாரத்தில் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் அதே ஊரில், வேறொரு பள்ளியில், ஆறு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன். முதல் இரண்டு வருடம் கேட்டுக்கு வெளியே போய் ஊதினேன். அப்புறம் நிக்கோட்டின் கம்முக்கு, அதாவது சிகரெட் ஆசையை அடக்க மெல்லும் மருந்துச் சூயிங்கத்துக்கு, மாறினேன். ஆகவே என் சாய்வு கம் பக்கம்தான், அதை மறைக்கவில்லை. அடியோடு விட்டுவிட்டு விமானம் ஏறுவது எல்லாவற்றையும்விட மேல் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. விட முடிந்தவர் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

வேப், அதாவது பேட்டரியில் ஓடும் இ-சிகரெட், அதன் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இந்தியாவில் 2019 முதல் விற்பனை, இறக்குமதி எல்லாமே தடை. ஓமானிலும் விற்கக் கூடாது. சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருந்தாலே குற்றம். மாலத்தீவும் 2024 கடைசியில் தடை போட்டுவிட்டது. துபாய்ப் பக்கம் 2019-லிருந்து கடையிலேயே கிடைக்கிறது, ஆனால் பள்ளிக்குள் அதுவும் சிகரெட் மாதிரிதான். புது நாட்டில் முதல் நாளே சுங்கத்துறைக்காரரிடம் அதை எடுத்துக் காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா?

மிச்சம் இருப்பவை மூன்று. இடைவேளையில் கேட்டுக்கு வெளியே போவது, பள்ளி விடும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது, கம்.

முதலில் கேட். நம் ஊரில் இது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. நான் படித்த காலத்தில் வாத்தியாருக்குப் பெட்டிக் கடையில் சிகரெட் வாங்கிவரும் வேலையே எனக்குத்தான். அதில் ஒரு பெருமைகூட இருந்தது. 2003 புகையிலைச் சட்டம் வந்து பள்ளியைச் சுற்றி நூறு கஜத்துக்குள் விற்கக் கூடாது என்றார்கள், 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் பிடித்தால் அபராதம் என்றார்கள். அதற்கப்புறமும் வாத்தியார் தெருமுனை டீக்கடைக்கு நடந்தார், கிளாஸை ஒரு கையிலும் சிகரெட்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஹெட்மாஸ்டரோடு தேர்தலைப் பற்றிப் பேசினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மஸ்கட்டில் எங்கள் பள்ளி கேட்டில் ஒரு ரெஜிஸ்டர் இருந்தது. வெளியே போகும் நேரம், உள்ளே வரும் நேரம், காரணம், கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தில் நான் 'சொந்த வேலை' என்று எழுதுவேன். இரண்டு வருடம் தினமும் 10.12-க்கு அதே சொந்த வேலை. காவலாளி ஒரு மலையாளிச் சேட்டன், நல்ல மனுஷன், என் தலை தெரிந்ததும் பேனாவைத் திறந்து நீட்டிவிடுவார். கேட்டைத் தாண்டிச் சுவர் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு டிரான்ஸ்பார்மர் அறை, அதன் நிழல்தான் நமக்கு. டிசம்பர், ஜனவரியில் சுகம். மே மாதத்தில் அங்கே நாலு நிமிடம் நின்று பாருங்கள், நம் வேலூர் அக்னி நட்சத்திரமே பரவாயில்லை என்று தோன்றும். இடைவேளை மொத்தம் இருபது நிமிடம். மாடியிலிருந்து இறங்கி, கையெழுத்துப் போட்டு, பிடித்து, வாய் கொப்பளித்து, மறுபடி மாடி ஏறினால் பதினாறு நிமிடம் போய்விடும். பாக்கி நாலு நிமிடத்தில் இட்லியை விழுங்க வேண்டும்.

இதில் இன்னொருவரின் கணக்கும் இருக்கிறது. அங்கே ஆசிரியர்களுக்கு பிரேக் டியூட்டி உண்டு, வராந்தாவில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் என் டியூட்டியை ஓர் அறிவியல் டீச்சர் பார்த்துக்கொண்டார். முகம் சுளித்ததே இல்லை. ஒருநாள் அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்கு போன் பேச வேண்டியிருந்தது, அப்போதும் வராந்தாவில் என் இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். நான் உள்ளே வந்தபோது என்னை ஒரு பார்வை பார்த்தார். பணியிட நாகரிகம் என்று யாராவது வகுப்பு எடுத்தால் எனக்கு அந்தப் பார்வைதான் நினைவுக்கு வரும்.

இதையெல்லாம்கூட சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது நாற்றம்.

இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் முடிவை மாற்றியது இந்த ஒன்றுக்காகத்தான். எங்கள் வீட்டில் அம்மா பீடி சுற்றியவர். முறத்தை மடியில் வைத்து, நனைத்த இலையைத் தகட்டளவுக்குக் கத்தரித்து, தூளை வைத்து உருட்டி, நுனியை மடித்து, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுவார். வீடு முழுக்கப் புகையிலைத் தூள். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் தூள், நான் வீட்டுப்பாடம் எழுதிய நோட்டில் தூள். அப்படி வளர்ந்தவனுக்கு அது ஒரு வாசனையாகவே மூக்கில் ஏறாது. அதனால் என் சட்டையில் வருவதும் எனக்குத் தெரியவில்லை.

குடியாத்தத்தில் வகுப்புக்கு நாலு ஜன்னல், எல்லாம் திறந்தே கிடக்கும். வாத்தியார் ஊதிவிட்டு வந்தாலும் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். மஸ்கட் வகுப்பு அப்படி இல்லை. ஜன்னலை இறுக மூடி ஏசி ஓடும், உள்ளே முப்பத்தைந்து பிள்ளைகள், அதே காற்றுதான் திரும்பத் திரும்பச் சுற்றிவரும். சிகரெட்டை அணைத்த பிறகும் சில நிமிடத்துக்கு மூச்சில் புகை வந்துகொண்டிருக்கும். மீசையிலும் சட்டையிலும் படிந்தது சாயங்காலம்வரை போகாது. நான் ஹால்ஸ் போட்டுப் பார்த்தேன். ஹால்ஸ் வாசனையோடு சேர்ந்த சிகரெட் நாற்றம் வந்தது. சென்ட் அடித்தேன், அது இன்னும் மோசம். வேறு சட்டை ஒன்று கொண்டுபோய் ஸ்டாஃப் ரூம் பாத்ரூமில் மாற்றியும் பார்த்தேன். ஒரு வாரத்துக்கு மேல் அந்தக் கூத்து தாங்கவில்லை.

ஆறாம் வகுப்பில் முதல் பெஞ்சில் ஒரு பையன், நோட்டு திருத்த நான் குனிந்தால் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வான். பயந்த சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன். பெற்றோர் கூட்டத்துக்கு அவன் அம்மா வந்தார். மார்க்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சார், தப்பா நினைக்காதீங்க, இவனை மூணாவது வரிசைக்கு மாத்திடுங்களேன். இவனுக்கு வீசிங் இருக்கு" என்றார். அதற்கும் பெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் தரையைப் பார்த்தார், பையன் என் சட்டைப் பையைப் பார்த்தான். பையில் கோல்ட் ஃபிளேக் பெட்டியின் சதுரம் துணிக்கு மேலே தெரிந்துகொண்டிருந்தது.

அந்த அம்மா புகார் எழுதிக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டில் உங்களுக்கு விசா கொடுப்பது பள்ளி, ஃபீஸ் கட்டுவது பெற்றோர், அந்தப் பெற்றோரில் பாதிப் பேர் உங்கள் கட்டடத்திலோ பக்கத்துக் கட்டடத்திலோ இருப்பார்கள். நம் ஊரில் வாத்தியார் மேல் புகை நாறினால் அது வாத்தியாரின் சொந்த விஷயம். அங்கே அது லிஃப்டில் பேசப்படும்.

அடுத்த லீவில் ஊருக்கு வந்தபோது காட்பாடி மருந்துக் கடை ஒன்றில் 2 மில்லிகிராம் கம் வாங்கினேன். சீட்டு கேட்கவில்லை. 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்றார்கள். அம்மா ஒரு வில்லையைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். "பொகையில வாசனையே இல்லையே கண்ணு, இத்தப் போயி காசு குடுத்தா வாங்கன?" என்றார். அந்த ஒரு வரி போதும் எனக்கு, கம்முக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

முதல் வாரம் தப்பாக மென்றேன். சாதா சூயிங்கம் மாதிரி கடகடவென்று மென்றால் நிக்கோட்டின் மொத்தமும் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். விக்கல் வரும், குமட்டும், ஆசையும் அடங்காது. மெதுவாக மென்று, மிளகு கடித்த மாதிரி காரம் ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி இரண்டு கடி, பிறகு மறு கன்னம். இப்படி அரை மணி நேரம். வெற்றிலை பாக்கு அடக்கிப் பழகியவர்களுக்கு இது ஒரே நாளில் வந்துவிடும். முக்கியமாக, போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து டீயோ காபியோ கூடாது, வாயில் இருக்கும்போதும் கூடாது. அந்தப் புளிப்பில் நிக்கோட்டின் ஈறு வழியாக ஏறாது. எனக்கு டீயும் தம்மும் ஜோடியாகவே பழகியிருந்ததால், பள்ளி நேரத்து சிகரெட்டை விட்டதைவிட டீயைத் தள்ளிப் போட்டதுதான் அதிகக் கஷ்டமாக இருந்தது.

எப்போது போடுவது என்பதும் ஒரு கணக்குதான். ரத்தத்தில் நிக்கோட்டின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகிறது. ஆறேகாலுக்கு ஃபிளாட் பால்கனியில் ஒன்று பிடித்தால் எட்டேகாலுக்குப் பாதி, பத்தேகாலுக்குக் கால் பங்கு. மூன்றாம் பீரியடில் போர்டு மார்க்கரை சிகரெட் மாதிரி இரு விரல் நடுவே பிடித்துக்கொண்டு நிற்பேன், பின் பெஞ்சில் சிரிப்பார்கள். கம் சிகரெட் போல சில விநாடிகளில் ஏறாது, மெதுவாகத்தான் வேலை செய்யும். அதனால் ஆசை வந்த பிறகு போட்டுப் பயனில்லை. எனக்கு இரண்டாவது பீரியட் பெரும்பாலும் ஃப்ரீ, அப்போதே ஸ்டாஃப் ரூமில் போட்டுக்கொள்வேன். நோட்டுத் திருத்தம் முடியும்போது கம்மும் முடிந்திருக்கும். வகுப்புக்குப் போகும் முன் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டுவிட வேண்டும். ஒரு தடவை மறந்துபோய் கன்னத்தில் வைத்துக்கொண்டே எட்டாம் வகுப்புக்குள் நுழைந்துவிட்டேன். முந்தின நாள்தான் ஒருவனைச் சூயிங்கம் மென்றதற்கு எழுப்பி நிற்க வைத்திருந்தேன். அவன் ஒன்றும் பேசாமல் தானாகவே எழுந்து நின்றான்.

கம்மில் குறை இல்லாமல் இல்லை. தாடை வலிக்கும். ஆசையை மழுங்கடிக்குமே தவிர, அந்த முதல் இழுப்பின் சுகம் கிடைக்காது. வழக்கமாக மூன்று மாதத்தில் குறைத்து நிறுத்த வேண்டும் என்பார்கள், எனக்கு ஒரு வருடம் தாண்டியும் போனது. சாயங்கால சிகரெட் இரண்டை நான் இன்னும் விடவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இதய நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும் வழியை எங்கள் பள்ளியில் வாணியம்பாடிக்காரர் ஒருவர் கடைப்பிடித்தார். காலை ஒன்று, பிறகு பள்ளி விட்டு ஒன்றரைக்கு மேல்தான். செலவு இல்லை, பகலில் சட்டையும் நாறாது. ஆனால் கடைசி இரண்டு பீரியடில் அவர் வகுப்புப் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் திட்டு வாங்கினார்கள். அவருக்கு இன்னும் நாலு வருடம் ஓடியிருக்கும், எனக்கு நாலு நாள் ஓடாது.

ரம்ஜான் மாதத்தில் மட்டும் நானும் அவர் கட்சிதான். நோன்பு நேரத்தில் பொது இடத்தில் சாப்பிடவோ, குடிக்கவோ, புகைக்கவோ கூடாது, மெல்லுவதும் சாப்பிடுவதில்தான் சேரும். கதவைச் சாத்திய அறையில் மற்ற மதத்தவர்கள் டிபன் சாப்பிடலாம் என்று எங்கள் பள்ளியில் விட்டார்கள். ஆனால் நோன்பு இருக்கும் சக ஆசிரியர் எதிரே நின்று பேசும்போது நம் கன்னம் அசைந்தால் அது மரியாதை இல்லை. அந்த மாதம் பள்ளி நேரமும் குறைவு, தாங்கிக்கொள்ளலாம். அறைத் தோழர் ஒருவர் அந்த நாட்களில் தோளில் நிக்கோட்டின் பேட்ச் ஒட்டிக்கொள்வார், காலையில் ஒட்டினால் சாயங்காலம்வரை கவலை இல்லை என்பார். வியர்வையில் ஓரம் பிரிந்து அரிப்பு எடுத்ததையும் பார்த்தேன். நான் ஒட்டிப் பார்த்ததில்லை, அதனால் அதற்குமேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

தம்பி மஸ்கட்டுக்குப் பதிலாக சிங்கப்பூர் போவதாக இருந்தால் கணக்கு மாறியிருக்கும். அங்கே சூயிங்கம் விற்பனையே 1992 முதல் தடை. நிக்கோட்டின் கம் போன்ற மருந்து வகையை மட்டும் 2004 முதல் விடுகிறார்கள், அதுவும் டாக்டர், பல் டாக்டர், பார்மசிஸ்ட் கையால்தான். இங்கிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போகிற யோசனை வேண்டாம். சிகரெட்டுக்கும் அங்கே வரிச் சலுகை கிடையாது, ஒரு பாக்கெட் கொண்டுபோனாலும் சொல்லி வரி கட்ட வேண்டும்.

ஓமான் போகிறவர் முதல் மாதத்துக்கு ஆறு அட்டை வைத்துக்கொண்டால் போதும், ஒவ்வொன்றிலும் பத்து வில்லை. மருந்துக் கடை பில்லை அட்டையோடு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். அப்புறம் சேர்ந்த முதல் வாரத்திலேயே டைம்டேபிள் போடுகிறவரிடம் இரண்டாவது பீரியடை ஃப்ரீயாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். காரணம் கேட்டால் நோட்டு திருத்த என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை.