போர்னியோ காட்டுயிர்ச் சுற்றுலா: முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

போர்னியோ தீவில் உள்ள மலேசியாவின் சபா மாநிலத்தில் பாலூட்டிகளையும் பறவைகளையும் பார்ப்பதற்கென்றே ஏற்பாடு செய்தது என்று விற்கப்பட்ட ஒரு பயணத்தைப் பற்றிய எச்சரிக்கை இது. எங்கள் குழுவிடம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்ட ஏற்பாட்டாளர், திட்டத்தில் இருந்த முக்கியமான இடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார். கேட்டால், "அல்லது அதற்கு இணையான இடம் என்று கீழே போட்டிருக்கிறதே" என்று பொடி எழுத்தைக் காட்டினார்.

பெரிய மோசடி டெராமாகோட்டில். அது சபா வனத்துறையின் காப்புக்காடு. அளவோடு மரம் வெட்டி நிர்வகிக்கப்படுவது, காட்டைப் பொறுப்போடு நிர்வகிப்பதற்கான எஃப்எஸ்சி சான்றை 1997-லேயே பெற்றது. மரம் ஏற்றும் மண்சாலை காட்டுக்குள் நெடுந்தூரம் போவதால்தான், இரவில் வண்டியை ஊர்ந்து செலுத்தி மேகச்சிறுத்தை, பிந்துரோங் (கரடிப்பூனை), தேவாங்கு, பறக்கும் அணில் எல்லாம் தேட முடிகிறது. அனுமதி முன்கூட்டியே எடுக்க வேண்டும், அறைகளும் குறைவு. எங்களுக்கு அனுமதியே எடுக்கப்படவில்லை. புறப்படும் நாளன்று காலையில் "மழையால் சாலை மூடிவிட்டார்கள்" என்றார்கள். வனத்துறையில் விசாரித்தோம். சாலை திறந்துதான் இருந்தது. எங்கள் பெயரில் முன்பதிவு எதுவும் இல்லை.

அதற்கு 'இணையாக'க் கிடைத்தது, எண்ணெய்ப்பனைத் தோட்டத்து ஓரத்தில் முக்கால் மணி நேரம். தோட்டத்தில் எலி நிறைய, அதனால் சிறுத்தைப்பூனை அங்கே எளிதாகக் கண்ணில் படும். அதைக் காட்டி "மேகச்சிறுத்தைக் குட்டி" என்றார் ஓட்டுநர். இரண்டையும் பிரித்தறிவது கடினமே இல்லை. சிறுத்தைப்பூனை வீட்டுப்பூனை அளவுதான் இருக்கும், உடம்பெல்லாம் சின்னச் சின்னக் கரும்புள்ளி. மேகச்சிறுத்தைக்கு விலாவில் கருவிளிம்பு கட்டிய பெரிய திட்டுகள். வால் கிட்டத்தட்ட உடம்பு நீளத்துக்குத் தடியாகத் தொங்கும். குட்டிக்கும் அந்தத் திட்டுகள் உண்டு.

முறையான இரவுப் பயணம் என்றால் பின்பக்கம் திறந்த, நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வண்டி வேண்டும். இருபுறமும் விளக்கு பிடித்து, விலங்குகளின் கண்கள் பளிச்சிடுவதைத் தேட ஆள் வேண்டும். இப்போது நல்ல வழிகாட்டிகள் வெப்பப்படக் கருவியும் வைத்திருக்கிறார்கள். இருட்டியதும் தொடங்கி நள்ளிரவு வரை ஓடும், சில நாட்களில் விடியலுக்கு முன் இன்னொரு சுற்று. இத்தனை மணி நேரம் என்று எழுத்தில் வராத இரவுப் பயணத்தை நம்பாதீர்கள்.

கினபாத்தாங்கான் ஆற்றில் நடந்தது வேறு மாதிரி. நீள்மூக்குக் குரங்குகள் பொழுது சாயும்போது கரையோர மரங்களுக்கு வந்து உறங்கும். காலையில் வெயில் ஏறியதும் இரை தேடி உள்காட்டுக்குப் போய்விடும். அதனால்தான் விவரம் தெரிந்த படகுகள் காலை 6 மணிக்கும் மாலை 4 மணிக்கும் கிளம்புகின்றன. எங்கள் 'காலைப் படகு' 10 மணிக்கு மேல் கிளம்பியது. அதே படகும் அதே படகோட்டியும் முதலில் இன்னொரு குழுவை ஏற்றிப் போய்விட்டு வந்ததுதான் காரணம். ஆள் நெருக்கியடித்து உட்கார்ந்த படகில் யாராவது எழுந்தால் எல்லார் கேமராவும் ஆடும். சுக்காவ் கிராமத்துப் பக்கத்து மெனாங்குல் கிளையாறு குறுகலானது. அங்கே பெரிய இயந்திரத்தை நிறுத்திவிட்டு மின்மோட்டாரில் போக வேண்டும், இல்லாவிட்டால் இருவாச்சிகள் வளைவு திரும்பும் முன்பே பறந்துவிடும். எங்கள் படகில் மின்மோட்டார் இல்லை.

அதைவிட வருத்தமான காட்சி யானைகளுடையது. குட்டியோடு ஆற்றைக் கடக்க இறங்கிய கூட்டத்துக்கு முன்னால் படகைக் கொண்டுபோய் நிறுத்தினார் படகோட்டி. தாய் தும்பிக்கையை உயர்த்தித் திரும்பிவிட்டது. கூட்டம் முழுவதும் கரையேறி மறைந்தது. தள்ளி நின்று இயந்திரத்தை அணைத்திருந்தால் யானைகளும் கடந்திருக்கும், எல்லாரும் பார்த்துமிருக்கலாம். இதே ஆள்தான் இரவு நடையில் டார்சியர் என்ற சின்ன இரவு விலங்கு ஒன்றின் முகத்திலேயே வெள்ளை விளக்கை அடித்து வைத்திருந்தார். அந்தப் பெரிய கண்கள் இருட்டுக்கு உரியவை. ஒளியை ஓரமாகக் காட்டி, சீக்கிரம் அணைத்துவிட வேண்டும். ஆறுமணிக்குருவியை வெளியே வரவழைக்க அதன் குரலின் ஒலிப்பதிவை நிறுத்தாமல் ஓடவிடுவதும் இதே ரகம்: பறவை தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டது என்று தவித்து அலையும்.

கோமந்தோங் குகைக்கு உச்சிவெயிலில் கூட்டிப்போனார்கள். அந்த நேரத்தில் கரப்பான்பூச்சியும் உழவாரன் குருவிக் கூடுகளும்தான் மிச்சம். வௌவால்கள் திரளாக வெளியேறுவதும், அவற்றை வல்லூறுகள் வேட்டையாடுவதும் அந்திக்குத்தான்.

செபிலோக் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம் 1964 முதல் நல்ல பணி செய்துவருகிறது. சபா போகிறவர்கள் கட்டாயம் பார்க்கலாம். ஆனால் காலை 10 மணிக்கும் மாலை 3 மணிக்கும் மேடையில் வைக்கும் உணவுக்கு வரும் விலங்கைக் 'காட்டு ஒராங்குட்டான், 100% உறுதி' என்று விற்பது பொய். லாபுக் பே சரணாலயத்திலும் நீள்மூக்குக் குரங்குகளுக்கு மேடையில் உணவு வைக்கிறார்கள். பயணத் திட்டத்தில் டனும் பள்ளத்தாக்கு (பாதுகாக்கப்பட்ட மழைக்காடு) என்று எழுதியிருந்தால், எத்தனை இரவு, உள்ளே இருக்கும் எந்த விடுதியில் என்று கேளுங்கள். லாஹாட் டத்து ஊரில் தங்கவைத்து ஒருநாள் ஓட்டிக் காட்டினால் விடியற்காலைப் பறவை நேரம் முழுவதும் சாலையிலேயே போய்விடும்.

விளம்பரத் தாளின் விலங்குப் பட்டியலே ஆளைக் காட்டிக்கொடுக்கும். எங்களுக்குக் கொடுத்த பட்டியலில் புலி, தபீர் (பன்றி போன்ற, மூக்கு நீண்ட விலங்கு), சுமத்ரா காண்டாமிருகம் மூன்றும் இருந்தன. போர்னியோவில் புலியும் இல்லை, தபீரும் இல்லை. தீபகற்ப மலேசியாவின் பட்டியலை யாரோ அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். மலேசியாவின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகம் இமான் 2019 நவம்பரில் சபாவில் இறந்துபோனது. அதற்குப் பிறகும் 'காண்டாமிருகம் பார்க்க வாய்ப்பு' என்று எழுதுபவர் ஒன்று காட்டை அறியாதவர், இல்லை தெரிந்தே பொய் சொல்பவர்.

பணம் கட்டும் முன் இவை எழுத்தில் வரட்டும்: ஒவ்வொரு இரவும் தங்கும் இடத்தின் பெயர், டெராமாகோட் அனுமதியின் நகல், படகில் அதிகபட்சம் எத்தனை பேர், படகு கிளம்பும் நேரம், மின்மோட்டார் உண்டா, வழிகாட்டியின் பெயரும் உரிம எண்ணும். மலேசியாவில் 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி ஏற்பாட்டாளருக்கும் வழிகாட்டிக்கும் உரிமம் கட்டாயம். ஓட்டுநரே வழிகாட்டி என்றால் அவருடைய உரிம அட்டையைக் கேட்டுப் பாருங்கள். எங்களோடு வந்தவரிடம் அது இல்லை. 'இணையான இடம்' என்ற வரியை அடித்துவிட்டு, இடம் மாறினால் இவ்வளவு பணம் திரும்ப என்று எழுதச் சொல்லுங்கள். நேர்மையான ஏற்பாட்டாளர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழையும் வெள்ளமும் மிகும் காலம் என்பதால், அப்போது போகிறவர்கள் மழையால் ரத்தானால் என்ன செய்வார்கள் என்பதையும் தனியாகக் கேட்க வேண்டும்.

ஏமாற்றம் நடந்துவிட்டால், நேரமும் இடமும் பதிவாகும்படி அங்கேயே படம் எடுங்கள். 'சாலை மூடல்' போன்ற சாக்குகளை வாயால் கேட்டுக்கொண்டு விடாமல் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். புகார் மலேசியச் சுற்றுலா அமைச்சுக்கு, உரிம எண்ணோடு போக வேண்டும். கடன் அட்டையில் கட்டிய பணத்துக்கு வங்கியில், பணத்தைத் திரும்பக் கேட்டு மறுப்பு விண்ணப்பம் போடலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, ஊர் திரும்பிய வாரமே போட்டுவிடுங்கள்.